ஸ்டீவ் குற்றவாளியா, இல்லையா?

வால்டர் டீன் மையர்ஸின் 'மான்ஸ்டர்' நாவல் 1999இல் வந்தது. நியூயார்க்கின் ஹார்லெமில் மருந்துக்கடைக் கொள்ளை, கடைக்காரர் சாவு. வேவு பார்த்துச் சொன்னதாக 16 வயது ஸ்டீவ் ஹார்மன் மீது கொலை வழக்கு. நாவலைப் படித்தவர்கள் இரண்டு கட்சி.

ஒரு கட்சிக்கு அவன் நிரபராதி. சாட்சிகளில் பலர் தண்டனையைக் குறைத்துக்கொள்ளப் பேரம் பேசியவர்கள். கறுப்பினப் பையன் என்றதுமே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு கட்சி அவனுடைய நாட்குறிப்பைக் காட்டுகிறது. புதினா மிட்டாய் பார்க்கக் கடைக்குள் போய் வந்தேன், அதில் என்ன தப்பு என்று எழுதுகிறான். நீதிமன்றத்திலோ அன்று அங்கே போகவே இல்லை என்கிறான். சரி, எதை நம்புவது?

நான் இரண்டாவது கட்சிதான். அதற்காக அவனை வெறுக்க முடியவில்லை. தன் கதையைத் திரைக்கதையாக எழுதிக் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் அந்தப் பயம் அவ்வளவு உண்மை. விடுதலையானதும் கட்டிக்கொள்ளக் கைகளை விரிக்கிறான். அவனுக்காக வாதாடிய ஓ'பிரையன் விறைத்துப்போய்த் திரும்பிக்கொள்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.