கந்தப்பளை மழையிலும் சேற்றிலும் ஒரு பட்டன் கத்தி: நீண்டகாலப் பாவனை அனுபவம்

பட்டன் கத்தி, அதாவது பட்டனை அழுத்தினால் ஸ்பிரிங்கால் தானாகத் திறக்கும் கத்தி, வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அது எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்பதைத்தான். நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் லீக்ஸும் கரட்டும் போடும் என் கைக்கு அந்த வேகத்தால் பெரிய பிரயோசனம் இல்லை. திறந்த பிறகு பிளேடு அசையாமல் நிற்கிறதா, சேறு உள்ளே போனால் கழற்றிக் கழுவ முடிகிறதா, இந்த இரண்டையும் பார்த்து வாங்கினால் கத்தி பல வருஷம் உழைக்கும்.

பட்டன் எதற்கு என்று கேட்பவர்கள், லொறி வந்து நிற்கும் நேரத்தில் எங்கள் பக்கம் வந்து பார்க்கலாம். லீக்ஸ் கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்திருக்கும். மற்றக் கைதான் கத்தியை எடுத்து, திறந்து, நயிலோன் கயிற்றை அறுக்க வேண்டும். விக்டோரினொக்ஸ் சின்னக் கத்திகள் அருமையானவை, ஆனால் ஈர விரலால் நகம் கொடுத்துத் திறப்பது பெரும்பாடு. ஒப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியில் பிளேடு மடியாமல் பிடிக்கும் பூட்டு வளையம் 1955இல் வந்தது, இன்றும் நம்பலாம். அதன் மரப்பிடிதான் நம் மழையில் ஊதி, பிளேடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

பட்டன் கத்தியில் இரண்டு வகை உண்டு. ஒன்று பக்கவாட்டில் மடிந்து திறப்பது, மற்றது பிடியின் முனையிலிருந்து நேராகப் பாய்வது. நேராகப் பாயும் வகையைத் தோட்ட வேலைக்கு வாங்கவே வேண்டாம். பிளேடு ஒரு குறுகிய தடத்தில் ஓடுகிறது. அதில் மண் புகுந்தாலோ, பாயும்போது முனை எதிலாவது தட்டினாலோ, பாதியில் நின்றுவிடும். பக்கவாட்டு வகையில் ஸ்பிரிங் உடைந்தாலும், பட்டனை அழுத்திக்கொண்டு கையால் இழுத்துத் திறந்து வேலையை முடிக்கலாம்.

கடையில் கையில் எடுத்ததும் திறந்து வைத்து, முதுகுப் பக்கமாகப் பிளேடைப் பிடித்து இடமும் வலமும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். 'டக்' என்று ஒரு சின்ன அசைவு தெரிந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு பட்டனைக் கவனியுங்கள். அதன் அடியில் உள்ள முளைதான் பிளேடின் அடிப்பகுதியில் இருக்கும் பள்ளத்தில் உட்கார்ந்து பூட்டுகிறது. பிளேடு திறந்ததும் பட்டன் முழுசாக மேலே எழும்ப வேண்டும். மண் அடைத்து அது அரை மில்லிமீற்றர் தாழ்ந்து நின்றாலும் பூட்டு சரியாக விழவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் அழுத்தி வெட்டினால் பிளேடு விரல் மேல் மடியும். வேலை தொடங்குமுன் பெருவிரலால் பட்டனைத் தடவிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

எண்ணெய் விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பது தேங்காய் எண்ணெய்தானே என்று பலர் அதைத்தான் விடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது போத்தலிலேயே உறைந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அதே உறைவு ஸ்பிரிங்கைச் சுற்றிப் படிந்தால் பிளேடு சோம்பலாக வந்து பாதியில் நிற்கும். வாங்கிய கடையைத் திட்டிப் பயனில்லை. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அதற்கு முன் பீலித் தண்ணீரில் மண்ணைக் கழுவி, நன்றாகக் காய வைக்க வேண்டும். பிடியில் ஆணிக்குப் பதில் திருகு போட்ட கத்தியைத்தான் வாங்கச் சொல்வேன். மண் உள்ளே இறுகிவிட்டால் கழற்றாமல் வேலை ஆகாது.

உருக்கில், விலை குறைந்த கத்திகளில் நிறைய வருவது டி2 என்ற ரகம். கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் அதில் குரோமியம் 12 சதவீத அளவுதான், பனி மூட்டத்தில் துடைக்காமல் விட்டால் துருப் புள்ளி விழும். 154சிஎம் அல்லது ஏயுஎஸ்-8 என்ற உருக்கு ரகங்கள் நம் ஈரத்துக்குப் பொருத்தம். ஏயுஎஸ்-8 வீட்டுத் தீட்டுக்கல்லிலேயே சீக்கிரம் கூராகிவிடும் என்பதால் என் ஓட்டு அதற்கு.

பட்டனுக்குப் பக்கத்தில் தள்ளு பூட்டு இல்லாத கத்தி வேண்டவே வேண்டாம். குனிந்து கரட் பிடுங்கும்போது சட்டைப் பைக்குள் பட்டன் அழுந்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை இன்னும் கவனமாக வைக்க வேண்டும். தோட்டத்தை விட்டு டவுனுக்கோ கொழும்புக்கோ போகும்போது நான் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுவேன். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் முதலில் சுங்கத்திடம் விசாரியுங்கள். லண்டனில் உள்ள சொந்தக்காரரிடம் வாங்கி அனுப்பச் சொல்லவே வேண்டாம்: பிரித்தானியாவில் இதன் விற்பனையும் இறக்குமதியும் 1959 முதல் தடை, இங்கிலாந்தில் 2021 முதல் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். கனடாவிலும் இது தடை செய்யப்பட்ட ஆயுதம்.

என் கத்தியின் ஸ்பிரிங் இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, கடைசியில் மணிக்கட்டால் ஒரு சின்ன உதறு கொடுக்க வேண்டியிருக்கிறது. பூட்டில் மட்டும் இன்றுவரை அசைவே இல்லை. அடுத்ததாக வாங்கினாலும் பக்கவாட்டில் திறக்கும், திருகு போட்ட, ஸ்பிரிங் தனியாகக் கிடைக்கும் மொடலைத்தான் வாங்குவேன்.