பாலி துலாம்பென் கப்பல் டைவ்: ஆஃபரில் புக் பண்ணுகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

கப்பலில் ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டு, துலாம்பென் கரையில் கொண்டுவந்து ஏற்றப்பட்டது. 1963-ல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்துவிட்டது. படகே வேண்டாம், கரையிலிருந்து நீந்தியே போய்விடலாம். மேல் பகுதி 5 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அடிப்பகுதி 30 மீட்டர் வரை போகிறது. இந்தச் சரிவுதான் ஏமாற்றுகிறவர்களுக்கு வசதி. டைவிங் சர்டிஃபிகேட் இல்லாதவர்களுக்கு 12 மீட்டர்தான் எல்லை. ஆனால் கப்பலை ஒட்டியே போனால், இறங்குவது தெரியாமலே இறங்கிவிடுவோம்.

பாலியில் கூட்டா என்ற ஊரில் ஒரு ஏஜென்சி, "இரண்டு பேருக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர்" என்று சொல்லிப் பணம் வாங்கியது. கரையில் இருந்தது ஒரே ஆள், நாங்கள் ஆறு பேர். விதிப்படி முதல்முறை இறங்குகிறவர்களைக் கடலில் ஒருவர் நாலு பேருக்கு மேல் கூட்டிப்போகக் கூடாது. மெடிக்கல் ஃபார்மை வேனிலேயே நீட்டிய டிரைவர், எல்லாவற்றுக்கும் 'நோ' போடச் சொன்னார். என் மச்சானுக்கு வீசிங் உண்டு. அதைச் சொன்னதற்கும் அதே பதில்தான். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் எப்படி வெளியேற்றுவது என்றுகூடக் கரையோரத்தில் சொல்லித்தரவில்லை.

என் சிலிண்டர் கேஜில் முள் 140-ல் நின்றது. முழு சிலிண்டர் என்றால் 200 பார் (காற்றழுத்த அளவு) பக்கம் காட்டவேண்டும். கேட்டதற்கு, "ஷேலோ, ஷேலோ" (ஆழம் கம்மிதான்) என்று இன்ஸ்ட்ரக்டர் சிரித்தார். உள்ளே போனதும் அவர் கவனமெல்லாம் கேமராவில். துருப்பிடித்த தகட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஆழமானியைப் பார்த்தேன், 17 மீட்டர். மச்சான் காதைப் பொத்திக்கொண்டு மேலே கைகாட்டுகிறான், கவனிக்க ஆளில்லை. நான்தான் அவனை மெதுவாக மேலே கூட்டிவந்தேன்.

கூத்து அதோடு முடியவில்லை. திரும்பும்போது காபித் தோட்டம் காட்டுகிறேன் என்று வேனை கிந்தாமணி மலைப்பாதையில் திருப்பப் பார்த்தார் டிரைவர். அது சுமார் 1,500 மீட்டர் உயரம். டைவ் முடித்த கையோடு மலை ஏறுவதும் விமானம் ஏறுவதும் உடம்புக்கு ஒரே ஆபத்துதான். ஒரு டைவ் என்றாலும் 12 மணி நேரமாவது விடவேண்டும். சண்டை போட்டுத்தான் கடற்கரைச் சாலையில் ஓட்டவைத்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, கையெழுத்துப் போட்ட ஃபார்மைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். கூடவே அந்த 17 மீட்டர் போட்டோக்களுக்குத் தனி பில்.