கிராம்பு எண்ணெயா, ஃப்ரீசரா, ஒரே அடியா? பிழைக்காத மீனுக்குச் செய்யும் கடைசி உதவி

எங்கள் வீட்டு ஒராண்டா தங்கமீனுக்கு ஆறு வயது. கடைசி வாரத்தில் அதன் செதில்கள் உடலைவிட்டு விலகி, சிலிர்த்த முள்ளம்பன்றி போல நின்றன. வயிறு ஊதிக் கண்கள் பிதுங்கியிருந்தன. உப்புக் குளியல், மருந்து, தினம் தண்ணீர் மாற்றுதல் என்று எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. தீனி வாயருகே விழுந்தும் அது திரும்பவில்லை. மீன் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டதற்கு, "டாய்லெட்டில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள் சார்" என்றார்.

அதைச் செய்ய மனம் வரவில்லை. மீனுக்கு வலி தெரியாது என்பார்கள். 2003இல் பிரிட்டனில் ட்ரவுட் மீன்களின் உதட்டில் அசிட்டிக் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். அவை உதட்டைச் சரளைக் கல்லில் தேய்த்தன, தீனியைத் தொடாமல் கிடந்தன. மார்ஃபின் கொடுத்ததும் அந்த நடத்தை குறைந்தது. எனக்கு அது போதும்.

பிழைக்காத மீனைத் துன்பமில்லாமல் கொல்லும் வழிகளை ஒப்பிடும் முன் ஒன்று. வெள்ளைப் புள்ளி நோய்க்கும் மலச்சிக்கலால் தலைகீழாக மிதப்பதற்கும் இந்தப் பேச்சே வேண்டாம். அவை பெரும்பாலும் குணமாகக்கூடியவை.

டாய்லெட்டில் விடுவது கொலையைக் கண்ணுக்கு மறைவாகச் செய்வது, அவ்வளவுதான். சாக்கடைக்குள் மீன் எவ்வளவு நேரம் தவிக்கும் என்று நமக்குத் தெரியப்போவதில்லை. வெளியே எடுத்துப் போடுவதும் மூச்சுத் திணறவைப்பதுதான். சிலர் ஏரியில் விட்டுப் புண்ணியம் தேடுகிறார்கள். நோயும் அதோடு ஏரிக்குப் போகிறது. தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீன் இன்று நம் ஏரிகளில் வலையை நிறைத்து மீனவர்களை அழவைப்பது இப்படி விட்ட புண்ணியத்தால்தான். வயிற்று உப்புசத்துக்குக் குடிக்கும், நுரைத்துப் பொங்கும் உப்புப் பொடியைக் கரைத்துக் கரியமில வாயுவால் மயக்கும் யோசனையும் உண்டு. தண்ணீர் புளித்துப்போய் மீன் துள்ளித் தவிக்கும். அதையும் தள்ளிவிடலாம்.

பலரும் நல்ல வழி என்று நம்புவது ஃப்ரீசர். ஒரு டப்பாவில் தண்ணீரோடு மீனை வைத்து மூடினால் தூங்கிப்போகும் என்கிறார்கள். மீனின் உடல் சுற்றியுள்ள தண்ணீரின் வெப்பத்துக்கேற்ப மெல்ல மெல்லக் குளிர்கிறது. உணர்வு போகும் முன்பே திசுக்களில் பனித்துகள் உருவாகலாம். அசையாமல் கிடப்பதை நாம் நிம்மதி என்று எடுத்துக்கொள்கிறோம். தங்கமீன் விஷயத்தில் இது இன்னும் மோசம். கெண்டை இனத்தைச் சேர்ந்த அது குளிர்நாட்டுக் குளங்களில் குளிர்காலத்தைத் தாண்டும் பிராணி. பிராணவாயு இல்லாதபோது லாக்டிக் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றி உயிரைப் பிடித்துக்கொள்ளும். அதைக் குளிரால் கொல்ல நினைப்பது நீச்சல்காரனைக் குளத்தில் தள்ளித் தண்டிப்பது போன்றது.

குளிர் முழுக்கத் தப்பும் இல்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு நெறிமுறை, 3.8 சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு வெப்பமண்டல மீன்களுக்கு 2 முதல் 4 டிகிரி செல்சியஸில் இருக்கும் பனிக்கட்டித் தண்ணீரை ஏற்கிறது. பனிக்கட்டி மீனின் உடம்பில் படக்கூடாது. இங்கே குளிர் சட்டென்று தாக்குவதால் மீன் நொடிகளில் செயலிழக்கும். கப்பி, நியான் டெட்ரா வைத்திருப்பவர்களுக்கு இது சரி. தங்கமீனுக்கும் வளர்ந்த ஃபைட்டருக்கும் பொருந்தாது.

தலையில் அடிப்பது பார்க்கக் கொடூரம், மீனுக்கோ மிக வேகமானது. ஈரத்துணியில் பிடித்து, கண்களுக்குச் சற்றுப் பின்னால் உச்சியில் கனமான பொருளால் ஒரே அடி. உடனே மூளையைச் சிதைத்துவிட வேண்டும். தலையை மட்டும் வெட்டுவது போதாது, மீனின் மூளை பிராணவாயு இல்லாமலும் சற்று நேரம் வேலை செய்யும். கை உறுதியாக இருப்பவர்களுக்கு இதைவிடக் குறைந்த வலியுள்ள வழி அரிது. கை நடுங்கினால் இரண்டாவது அடி தேவைப்படும், முதல் அடியும் வீணாகும். என் கை நடுங்கும்.

மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் கிடைத்தால் ட்ரைகெய்ன் என்ற மயக்க மருந்தைச் சோடா உப்பால் புளிப்பு நீக்கிப் பயன்படுத்துவார். முறையான வழி. நான் தேடிய தூரத்தில் அப்படி ஒருவர் கிடைக்கவில்லை.

மிச்சம் கிராம்பு எண்ணெய். பல்வலிக்கு வைத்துக்கொள்ளும் அதே குப்பி. அதிலுள்ள யூஜெனால்தான் மீனை மயக்குகிறது. கலப்படமில்லாத எண்ணெயாக வாங்குங்கள், பல்வலிக் கலவையாக அல்ல. எண்ணெய் தண்ணீரில் கரையாது, நேரே ஊற்றினால் மேலே மிதக்கும். இந்தத் தவற்றால்தான் பலர் "வேலை செய்யவில்லை" என்கிறார்கள். சிறு பாட்டிலில் வெதுவெதுப்பான தொட்டித் தண்ணீரோடு சேர்த்துப் பால்போல் வெளுக்கும்வரை குலுக்க வேண்டும்.

ஒரு பாத்திரத்தில் தொட்டித் தண்ணீரையே ஒரு லிட்டர் எடுத்து மீனை விட்டேன். முதலில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் சேர்த்துக் குலுக்கிய கலவை, மெதுவாக. சில நிமிடத்தில் மீன் சாய்ந்தது. வாலைத் தொட்டும் அசையவில்லை. பிறகு லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு சொட்டு ஆகும்வரை சேர்த்தேன். செவுள் மூடி திறந்து மூடும் இடைவெளி நீண்டு, நின்றது. நின்றவுடன் எடுத்துவிடாதீர்கள். குறைந்தது 10 நிமிடம் அப்படியே இருக்கட்டும். நான் அரை மணி நேரம் வைத்திருந்தேன், சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தபடி. தவிப்பு ஒன்றும் இல்லை. இரண்டுங்கெட்டான் அளவில் நிறுத்தினால் மீன் மயக்கம் தெளிந்து எழுந்துவிடும். இந்த முறையின் பெரிய ஆபத்து அதுதான், அதற்கு மருந்து பொறுமைதான்.

ஆக, நகத்தளவு மீனுக்குப் பனித்தண்ணீர், கை உறுதியானவருக்கு ஒரே அடி, மற்றவர்க்கெல்லாம் கிராம்பு எண்ணெய். ஃப்ரீசர் யாருக்கும் வேண்டாம்.

மீனைச் செம்பருத்தித் தொட்டியில் ஆழமாகப் புதைத்தோம். பூனைக்குப் போடவில்லை, மருந்து ஏறிய உடம்பு அது. அந்தப் பாத்திரத்தை எத்தனை முறை தேய்த்தும் கிராம்பு வாசனை போகவில்லை. மீன் தொட்டிப் பக்கம் அதைக் கொண்டுபோவதில்லை, இப்போது செடிக்குத் தண்ணீர் மொள்ள வைத்திருக்கிறோம்.