வேலூரிலிருந்து ஏழு சீசன் ஃபிகர் ஸ்கேட்டிங் பார்த்த அனுபவம்

2018 பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணிக்கு மாடிப்படியில் டீயோடு உட்கார்ந்து கைப்பேசியில் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ஸைத் திறந்தேன். ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங், அதாவது பனித்தளத்தில் பாட்டுக்கேற்பச் சறுக்கி, தாவி, சுழன்று ஆடும் விளையாட்டு. ஷார்ட் புரோகிராம் என்ற முதல் சுற்று. அதற்கு முன் அந்த விளையாட்டை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. மலேசியக் கொடி தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், என் சித்தப்பா குடும்பம் கிள்ளானில் இருக்கிறது. ஜூலியன் யீ. மாலுக்குள் இருக்கும் பனித்தளத்தில் பழகி, குளிர்கால ஒலிம்பிக்ஸ் வரை வந்த முதல் மலேசிய ஸ்கேட்டர். அவருக்குக் கிடைத்தது 25ஆவது இடம். அடுத்த சுற்றுக்கு 24 பேரைத்தான் எடுப்பார்கள்.

ஒரே ஓர் இடம்! அவர் யார், என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ள இரண்டு நாள் பேப்பர்களைப் புரட்டினேன். தங்கம் வென்ற ஜப்பானின் யுசுரு ஹன்யூ படம் மட்டும் இருந்தது. 66 ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்கள் தங்கத்தை அடுத்தடுத்து இரண்டு முறை வென்றவர், அவர் படம் வர வேண்டியதுதான். ஆனால் 25ஆவது ஆளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அன்றிலிருந்து இந்த விளையாட்டை எங்கே, எப்படிப் பார்த்தால் எல்லோரையும் பார்க்க முடியும் என்று தேட ஆரம்பித்தேன். இப்போது ஏழு முழு சீசன் முடிந்துவிட்டது. தோட்டப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான், ஸ்கேட்டிங் கற்றவன் இல்லை. ஒரு ரசிகனாகக் கிடைத்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் யூடியூப் சேனலில் வரும் ஜூனியர் கிராண்ட் ப்ரீ என்ற இளையோர் போட்டித் தொடரின் நேரலைதான் இந்த விளையாட்டைப் பார்க்கச் சிறந்த வாசல். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை வாரம் ஓர் ஊர். இதுவரை என்னிடம் ஒரு பைசா கேட்டதில்லை. 2020இல் மட்டும் கொரோனாவால் தொடர் நடக்கவில்லை. போட்டி ஐரோப்பாவில் என்றால் நமக்கு மாலையும் இரவும், வட அமெரிக்காவில் என்றால் தூக்கம் போகும். 2023இல் பாங்காக்கில் நடந்தபோது மதியமே கடையில் கல்லாப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அந்த வாரத்தை மறக்க முடியாது.

இதை ஏன் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்றால், முதலில் இறங்கும் பிள்ளைக்கும் கடைசியில் இறங்கும் பிள்ளைக்கும் ஒரே அளவு கேமரா. முப்பது பேர் இருந்தால் முப்பது பேரும் முழுசாக ஆடுவதைக் காட்டுவார்கள். பிறகு பயிற்சியாளரோடு உட்கார்ந்து மதிப்பெண்ணுக்குக் காத்திருப்பதையும் காட்டுவார்கள். கனடாவின் டெட் பார்ட்டன் பல ஆண்டுகள் இதற்கு வர்ணனை செய்தார். இப்போதைய மதிப்பெண் முறையை உருவாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு. இரண்டு முறை விழுந்து 28ஆவதாக வந்த பெண்ணின் ரீப்ளேயிலும், ஸ்கேட் கத்தியின் எந்த விளிம்பிலிருந்து கிளம்பினாள், எங்கே உடம்பு சாய்ந்தது என்று பொறுமையாகச் சொல்வார். லுட்ஸ், ஃபிலிப் என்ற இரண்டு தாவல்களுக்கும் வித்தியாசம் எனக்குப் புரிந்தது அவரால்தான். இரண்டிலும் கால்நுனியைப் பனியில் குத்தித்தான் எழும்ப வேண்டும். லுட்ஸ் வெளி விளிம்பிலிருந்து, ஃபிலிப் உள் விளிம்பிலிருந்து. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாடா, வுயுந்துட்டும் சிரிச்சிக்கினே எயுந்து ஆடுதே அந்தப் பொண்ணு" என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்வார்.

இரண்டாவது, மதிப்பெண் தாள். போட்டி முடிந்ததும் பிடிஎஃப்பாகப் போட்டுவிடுவார்கள், எவரும் எடுக்கலாம். கடையில் பிரிண்டர் இருப்பதால் நான் ஏ4இல் எடுத்துவிடுவேன். என் கணிப்பில் அதிகம் தெரியாத வீரர்களைப் பற்றி எழுதப்படும் ஒரே நேர்மையான செய்தி இதுதான். உதாரணத்துக்கு ஒரு வரி: மூன்று சுற்று லுட்ஸ், அடிப்படை மதிப்பு 5.90. பக்கத்தில் ‘<’ என்று ஒரு சின்னக் குறி. சுற்று முடிவதற்குள் கால் பனியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், மதிப்பு 4.72 ஆகிவிடும். அதே வரியில், தாவல் எவ்வளவு நன்றாக இருந்தது என்று நடுவர்கள் ஒவ்வொருவரும் −5 முதல் +5 வரை கொடுத்தது நீளமாக வரும். தாளின் அடியில் அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் என்று மூன்று மதிப்பீடு. சென்ற வருடம் இதே பெண் இதே லுட்ஸில் குறி வாங்கினாள், இந்த வருடம் குறி இல்லை என்று இரண்டு தாளைப் பக்கத்தில் வைத்தால் தெரியும். எந்தப் பேப்பரிலும் வராத வளர்ச்சி அது.

சீனியர் போட்டிகள் விஷயத்தில் அனுபவம் கலவைதான். ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு மாறுவதால் ஒரு வருடம் தெரிந்தது அடுத்த வருடம் ‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்று வரும். பாட்டு உரிமைப் பிரச்சினையால் சில வீடியோக்களில் சத்தமே இருக்காது, இரண்டாவது சுற்றான நான்கு நிமிட ஃப்ரீ ஸ்கேட்டை ஊமைப்படமாகப் பார்க்க வேண்டும். தொகுப்பு போடுகிறவர்கள் முன்னணி வீரர்கள் இறங்கும் கடைசி இரண்டு குழுவோடு முடித்துக்கொள்கிறார்கள். இது எனக்கு நிஜமாகவே வருத்தம். உலகச் சாம்பியன்ஷிப்புக்கு யாரும் சும்மா வந்துவிட முடியாது. ஒரு நாட்டிலிருந்து ஒரு பிரிவுக்கு அதிகபட்சம் 3 பேர், அதுவும் குறைந்தபட்சத் தொழில்நுட்ப மதிப்பெண் எடுத்திருந்தால்தான். அங்கே 35ஆவதாக முடிப்பவர் தன் நாட்டில் முதல் ஆளாக இருப்பார்.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் மெக்சிகோவின் டோனவன் கரியோ இதற்கு நல்ல சாட்சி. லியோன் நகரத்து மாலில், ஒலிம்பிக் அளவுகூட இல்லாத தளத்தில் பழகியவர். 30 ஆண்டுகளில் அந்த நாட்டிலிருந்து போன முதல் ஃபிகர் ஸ்கேட்டர். ஃப்ரீ ஸ்கேட்டுக்குத் தகுதி பெற்று 22ஆவதாக முடித்தார். அந்த 24 பேருக்குள் அவர் பெயர் வந்தபோது நான் ஜூலியன் யீயை நினைத்துக்கொண்டேன்.

இனி நம்ம ஊர்ச் செய்திகள். தமிழில் இந்த விளையாட்டுக்கு முதலில் ஒரு பெயர் வேண்டும். மலையிலிருந்து கட்டையோடு இறங்குவதும் ‘பனிச்சறுக்கு’, பலகையில் பறப்பதும் ‘பனிச்சறுக்கு’, இதுவும் ‘பனிச்சறுக்கு’. சிலர் ‘பனி நடனம்’ என்கிறார்கள், ஆனால் ஐஸ் டான்ஸ் என்பது இதற்குள்ளேயே இருக்கும் தனிப் பிரிவு. ஃபிகர் ஸ்கேட்டிங் என்றே எழுதிவிட்டால் குழப்பமில்லை. வாட்ஸப்பில் வருவதோ பேக்ஃபிலிப் என்ற பின்பக்கக் குட்டிக்கரணம் அடிக்கும் பத்து விநாடித் துண்டுகள் மட்டும். அடித்தவர் பெயர்கூட இருக்காது.

2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். அதில் 28 பேர் ஸ்கேட்டிங் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். விச்சிட்டாவில் இளம் வீரர்களுக்கான முகாம் முடிந்து பெற்றோரோடும் பயிற்சியாளர்களோடும் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள். 1994இல் ஜோடிப் பிரிவில் உலகப் பட்டம் வென்ற ஷிஷ்கோவாவும் நவுமோவும் அதில் இருந்தார்கள். அன்று ஒரு செய்திச் சேனல் இதைச் சொன்னபோது பின்னால் ஸ்கீ கட்டையோடு மலையிறங்கும் ஆளின் படம் ஓடியது. நான் டிவியை அணைத்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளின் பெயரை உலகம் முதலில் கேட்டது இறந்தவர்கள் பட்டியலில். அதற்கு முன் அவர்கள் ஆடியதை யார் காட்டினார்கள்? இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாரா பிரசாத் என்று ஒருவர் இந்தியாவுக்காக ஆடுகிறார். தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பத்தில் அமெரிக்காவில் பிறந்தவர், நம்முடைய தேசியச் சாம்பியன் பட்டம் வென்றவர். 2025 பிப்ரவரியில் ஹார்பினில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டில் 8ஆவது இடம். ஜப்பான், கொரியா, சீனா ஆடும் ஆசியாவில் எட்டாவது என்றால் சாதாரணமா? என் கடைக்கு வருகிறவர்களில் ஒருவருக்காவது அவர் பெயர் தெரியுமா என்று ஒரு வாரம் கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, சொன்னால்தானே தெரியும்.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக் போதாது, கடைசிக் குழுவுக்கு முன் தீர்ந்துவிடும். பவர் கட் நேரத்தில் நான் பட்ட பாடு அது, வைஃபை இருந்தால் இன்வெர்ட்டரில் போட்டுவையுங்கள். அப்புறம், திரையின் இடது மூலையில் இருக்கும் சின்னப் பெட்டியைக் கவனியுங்கள். ஒவ்வொரு தாவலுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு மாறும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

என் மகள் சிமெண்ட் தளத்தில் ரோலர் ஸ்கேட்டிங் போகிறாள். கத்திரி வெயிலில் சாயங்காலம் ஆறு மணிக்கும் அந்தத் தளம் சுடும். பனித்தளத்தை அவள் நேரில் பார்த்ததில்லை. போன வாரம் என் தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள், 31ஆவதாக வந்த ஒரு சின்ன நாட்டுப் பெண்ணுடையது. ‘<’ குறி இருந்த இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். "அப்பா, இவங்க ஆகஸ்ட்ல மறுபடி வருவாங்களா?" என்றாள். வயது வரம்பைப் பார்த்தேன், இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அநேகமாக அந்தப் பெண் முதல் குழுவில்தான் இறங்குவாள். அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் மூடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.