எஸ்எஸ்டி தெரியலையா? விஎம்டியை ஆஃப் பண்றதா, டிரைவர் ஏத்துறதா?

புது லேப்டாப்ல விண்டோஸ் 11 போடலாம்னு பென்டிரைவ்ல பூட் பண்றீங்க, மொழி கீபோர்டு எல்லாம் கேட்டு முடிச்சு டிஸ்க் தேர்ந்தெடுக்குற இடத்துக்கு வந்தா பட்டியல் காலியா இருக்கு. எஸ்எஸ்டி போச்சோன்னு பயப்படாதீங்க, பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே திறக்குற லேப்டாப்போட செட்டிங் பக்கம்) போய் பாத்தா பெரும்பாலும் பேரோட அங்க இருக்கும். இன்டெல் 11ஆம் தலைமுறைல இருந்து விஎம்டின்னு எஸ்எஸ்டிகளை நிர்வகிக்குற ஒரு கன்ட்ரோலர் நிறைய லேப்டாப்ல வருது, அது ஆன்ல இருந்தா என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான ரக எஸ்எஸ்டி) அதுக்குப் பின்னாடி மறைஞ்சுக்கும், அந்த கன்ட்ரோலருக்கான டிரைவர் இன்ஸ்டாலர்கிட்ட இல்லன்னா டிஸ்கே இல்லன்னு சொல்லிடும்.

வழி ரெண்டு இருக்கு. பயாஸ்ல விஎம்டியை ஆஃப் பண்ணலாம், இல்லன்னா இன்ஸ்டால் நடுவுல டிரைவரை ஏத்தலாம்.

ஆஃப் பண்றது ரெண்டு நிமிஷ வேலை. பயாஸ்ல விஎம்டி கன்ட்ரோலர்னு இருக்குறதை டிஸேபிள் பண்ணி சேவ் பண்ணிட்டு மறுபடி பென்டிரைவ்ல பூட் பண்ணா எஸ்எஸ்டி வந்து நிக்கும், விண்டோஸ்ல ஏற்கனவே இருக்குற என்விஎம்இ டிரைவரே போதும். சில மாடல்ல அந்த ஆப்ஷனே கண்ணுல படாது, பயாஸ் மெயின் பக்கத்துல கன்ட்ரோல் எஸ் அழுத்துனாதான் வெளிய வரும்.

ஆனா ஒரு விஷயம், இதை தயவுசெஞ்சு நல்லா கவனிங்க. டிஸ்க்ல ஏற்கனவே விஎம்டி ஆன்ல இருக்கும்போது போட்ட விண்டோஸ் இருந்து அது உங்களுக்கு வேணும்னா திடீர்னு ஆஃப் பண்ணிடாதீங்க, பூட் டிவைஸை அணுக முடியலன்னு நீலத்திரை வந்து நிக்கும், பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்தா ரெகவரி கீ வேற கேக்கும். டேட்டா அழியலை, திரும்ப ஆன் பண்ணா பழையபடி பூட் ஆகும், ஆனா அந்த நேரத்துல பதறிப்போய் ஃபார்மட் அடிச்சுட்டா எல்லாம் போச்சு. மாத்தியே ஆகணும்னா முதல்ல ரெகவரி கீயை வேற இடத்துல எடுத்து வெச்சுட்டு பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணுங்க, எம்எஸ்கான்ஃபிக்ல (விண்டோஸ் பூட் ஆகுற விதத்தை மாத்துற கருவி) சேஃப் பூட் டிக் பண்ணி ரீஸ்டார்ட் கொடுத்து பயாஸ்ல மாத்துங்க, சேஃப் மோடுல ஒரு தடவை ஏறிட்டா தேவையான டிரைவரை அதுவே எடுத்துக்கும், அப்புறம் டிக்கை எடுத்துடலாம்.

டிரைவர் ஏத்துறது கொஞ்சம் நீளமான வேலை, ஆனா பயாஸ்ல கையே வைக்க வேணாம். நிறைய பேர் மாட்டிக்கிற இடம் எதுன்னா, விஎம்டிக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர்னு இறக்குற எக்ஸி ஃபைலை அப்படியே பென்டிரைவ்ல போட்டுடுவாங்க. இன்ஸ்டாலர் அதைப் படிக்காது, அதுக்கு ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ் ஃபைல்கள்தான் வேணும், அதனால வேற கம்ப்யூட்டர்ல பிரிச்சு எடுத்து அந்த ஃபோல்டரைப் போடணும். டிஸ்க் பக்கத்துல லோட் டிரைவர் கொடுத்து ஃபோல்டரைக் காட்டுனா விஎம்டி கன்ட்ரோலர்னு ஒரு பேரு வரும், 11ஆம் தலைமுறைன்னா கடைசில 9ஏ0பி, 12க்கு 467எஃப், 13க்கு ஏ77எஃப்னு இருக்கும். ஒண்ணுமே வரலன்னா அந்த டிரைவர் வெர்ஷன் உங்க தலைமுறைக்கு உரியதில்லன்னு வெச்சுக்கோங்க, லேப்டாப் கம்பெனி சப்போர்ட் பக்கத்துல உங்க மாடலுக்குக் கொடுத்திருக்கறதை எடுக்குறது நல்லது.

வேகத்துக்காக விஎம்டியை வெச்சுக்கணும்னு சிலர் சொல்றாங்க, ஒரே ஒரு எஸ்எஸ்டி இருக்குற மெஷின்ல அப்படி ஒண்ணும் கிடைக்காது. ரெய்டு (பல டிஸ்க்கை ஒண்ணா சேர்த்து ஓட்டுறது) போடுறவங்களுக்குத்தான் அது உண்மையிலேயே வேணும். ஆன்லயே விட்டா இன்னொரு தொந்தரவு, நாளைக்கு விண்டோஸ் கெட்டுப்போய் ரெஸ்க்யூ பென்டிரைவ்ல ஏறுனா அங்கயும் டிஸ்க் தெரியாம போகலாம், மறுபடி டிரைவர் தேடணும்.

ஏஎம்டி மெஷின்ல விஎம்டி கிடையாது, ஆனா பயாஸ்ல ரெய்டு மோடு ஆன்ல இருந்தா இதே மாதிரி காலி பட்டியல்தான் வரும், ரெய்டு வேணாம்னா ஆஃப் பண்ணிடுங்க.

என்னைக் கேட்டா டிஸ்க் காலி, ரெய்டும் இல்லன்னா யோசிக்காம ஆஃப் பண்ணிடுவேன், லினக்ஸும் பக்கத்துல போடுற எண்ணம் இருந்தா இன்னும் நல்லது, அங்கயும் இன்டெல் ஆர்எஸ்டியை ஆஃப் பண்ணச் சொல்லி நிக்கிற இன்ஸ்டாலர் உண்டு. உள்ள வேணுங்கற விண்டோஸோ டேட்டாவோ இருந்தா, இல்ல வேற ஒருத்தர் லேப்டாப்பா இருந்தா, பயாஸைத் தொடாம டிரைவர் ஃபோல்டரோடதான் உக்காருவேன்.