மொட்டை மாடியில் ஏழு ஆண்டுகள்: பாப்பிரஸ் கோரை வளர்த்த அனுபவம்

பழங்கால எகிப்தியர் எழுதும் தாள் செய்த நீர்ச்செடியான பாப்பிரஸ் கோரையை, கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வளர்க்கத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அலங்காரச் செடிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாங்கிய சில மாதங்களிலேயே எழுதிவிடுவதால், இந்தச் செடிக்குப் பராமரிப்பே தேவையில்லை என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் பாதிதான் உண்மை. தொட்டியில் வைத்து நீர் ஊற்றும் செடியாக இதை நான் நினைத்திருந்த வரையில் இது சரியாக வளரவில்லை. ஒரு சிறிய சதுப்பு நிலத்தைப் பராமரிக்கிறேன் என்று எண்ணத் தொடங்கிய பிறகுதான் தன் இயல்பான உருவத்தை எடுத்தது.

வெப்பமண்டல ஆப்பிரிக்காவின் நீர்நிலைகளே இதன் தாயகம். தென் சூடானில் வெள்ளை நைல் பரந்து தேங்கும் சத் சதுப்பு நிலத்திலும், விக்டோரியா ஏரியின் கரைகளிலும், கென்யாவின் நைவாஷா ஏரியிலும், போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ நீர்ப்பரப்பிலும் இது 4 முதல் 5 மீட்டர் உயரம் வரை காடாக வளர்கிறது. அங்கே பல இடங்களில் இதன் அடித்தண்டுகளும் வேர்களும் ஒன்றோடொன்று பின்னிப் பாய் போலாகி நீரின் மேலேயே மிதக்கின்றன. அந்தப் பாயின் பகுதிகள் பிய்ந்து தீவுகளாக நகர்வதும் உண்டு. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவை ஒட்டிய நகிவுபோ சதுப்பு நிலத்தில், நகரத்துக் கழிவுநீரில் வரும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் இந்தக் கோரை உறிஞ்சிக்கொள்வதால், விக்டோரியா ஏரியில் சேரும் நீர் ஓரளவு தூய்மை பெறுகிறது. வேர் எந்நாளும் நீரில் இருக்க வேண்டும், அந்த நீரில் சத்தும் நிறைய இருக்க வேண்டும் என்ற இரண்டு பாடங்களையும் நான் இந்த இடங்களைப் பற்றிப் படித்துத்தான் கற்றேன்.

வாங்கும்போதே முதல் தவறு நேர்ந்தது. 2018ஆம் ஆண்டு ஒரு நாற்றுப் பண்ணையில் பாப்பிரஸ் என்று சொல்லிக் கொடுத்த செடி, வளர்ந்த பின் பார்த்தால் அதன் உறவுக்காரச் செடியான குடைக்கோரையாக இருந்தது. அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான், அழகானதும்கூட. ஆனால் நான் விரும்பியது அது அன்று. இரண்டையும் பிரித்தறிய உச்சியைப் பார்த்தால் போதும். குடைக்கோரையின் உச்சியில் தட்டையான, இலை போன்ற பட்டைகள் குடைக்கம்பிகளாக விரிந்திருக்கும். பாப்பிரஸின் உச்சியிலோ நூல் போன்ற மெல்லிய கதிர்கள் நூற்றுக்கும் மேல் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பிக் குஞ்சமாகத் தொங்கும். தண்டைக் கையில் உருட்டினால் மூன்று முனைகளும் தெளிவாகத் தட்டுப்படும். நம் ஊர்ப் பாய்க்கோரையிலும் வயலில் களையாக வரும் கோரையிலும் காணும் அதே முக்கோணம்தான், எல்லாம் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. தண்டின் அடியில் பழுப்பு நிற உறைகள் மட்டுமே இருக்கும், இலை என்று சொல்லும்படி எதுவும் இராது. அடுத்த மாதமே உண்மையான பாப்பிரஸ் நாற்று ஒன்றை வேறோர் இடத்தில் 350 ரூபாய்க்கு வாங்கினேன்.

அதை முதலில் 14 அங்குலத் தொட்டியில், தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த வழக்கமான மாடித்தோட்டக் கலவையில் வைத்து, அடியில் ஒரு தட்டில் நீர் நிறுத்தினேன். ஓராண்டில் நான்கடி உயரத்தைத் தாண்டவில்லை. சித்திரை வெயிலில் ஒரு நாள் வெளியூர் சென்று திரும்புவதற்குள் குஞ்சங்களின் நுனிகள் கருகிவிட்டன. பின்னர் 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, துளையே இடாமல், பாதி ஆழத்துக்குக் குளத்து வண்டலும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பி, மேலே இரண்டு அங்குலம் ஆற்று மணலும் கூழாங்கல்லும் பரப்பி, செடியின் அடிப்பகுதிக்கு மேல் இரண்டு விரற்கடை நீர் நிற்கும்படி வைத்தேன். தென்னைநார் இதற்கு ஏற்றதன்று. நீருக்குள் மிதந்து மேலே வந்துவிடும், உயரமான தண்டுகளை நிறுத்திப் பிடிக்கும் எடையும் அதற்கு இல்லை. மாற்றிய நான்கே மாதங்களில் தண்டுகள் என் தலைக்கு மேல் சென்றன. இன்று நல்ல பருவத்தில் ஏழரை அடி நிற்கின்றன. மாடியில் வைப்பவர்கள் எடையை மறக்கக் கூடாது. சேறும் நீரும் நிறைந்த அரை டிரம் நூறு கிலோவைத் தாண்டும் என்பதால், என்னுடையவற்றைச் சுவருக்கு மேலாக, உத்திரம் செல்லும் கோட்டில்தான் வைத்திருக்கிறேன்.

வெயிலைப் பொறுத்தவரை தயக்கமே வேண்டாம். கரும்பையும் மக்காச்சோளத்தையும் போல இதுவும் கடும் வெயிலில் திறம்பட நடக்கும் சி4 வகை ஒளிச்சேர்க்கை செய்யும் செடியாகையால், நாள் முழுவதும் அடிக்கும் வெயிலை வளர்ச்சியாக மாற்றிக்கொள்கிறது. நிழலில் வைத்த ஒரு துண்டு மெலிந்து, ஒருபக்கமாகச் சாய்ந்தே வளர்ந்தது.

மிக நீண்ட காலம் என்னைச் சிரமப்படுத்தியது தண்ணீரின் தரம். கோடையில் ஓர் அரை டிரம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு வாளி நீரைக் குடிக்கிறது. குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரைச் செடிக்கு அவ்வளவு தாராளமாகச் செலவிட மனம் வராமல் ஆழ்துளைக் கிணற்று நீரையே இரண்டு ஆண்டுகள் ஊற்றினேன். எங்கள் பகுதியில் அது கடுமையான உப்பு நீர். நீர் ஆவியாகப் போகும், உப்பு அங்கேயே தங்கும். அடியில் துளையும் இல்லாததால் அது வெளியேற வழியில்லை. டிரம்மின் விளிம்பில் வெள்ளைப் படிவம் கட்டியது, புதிதாக வந்த தண்டுகள் வெளிறிய மஞ்சளாக வந்தன. தழைச்சத்துக் குறைவு என்று எண்ணி மேலும் உரம் இட்டேன், பயனில்லை. பழைய தண்டுகள் பச்சையாக இருக்கப் புதியவை மட்டும் மஞ்சளாவது இரும்புச்சத்து கிடைக்காமையின் அடையாளம் என்பதும், சுண்ணாம்புத்தன்மை மிகுந்த நீரில் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது என்பதும் பின்னர்தான் தெரிந்தது. அன்று முதல் ஐப்பசி மழையில் டிரம்மைச் சாய்த்துப் பழைய நீரை முழுவதும் வடித்து, மாடியில் விழும் மழைநீரால் இரண்டு மூன்று முறை அலசி நிரப்புகிறேன். கோடையில் அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் கிணற்று நீருடன் கலக்கிறேன். ஆண்டுக்கு இரு முறை வேர் எளிதில் எடுத்துக்கொள்ளும் கிலேட் வடிவ இரும்பை மிகச் சிறிய அளவில் கரைத்து ஊற்றுகிறேன். இரண்டு மாதத்தில் பச்சை திரும்பியது. உப்பு நீர் உள்ள வீட்டில் மழைநீரைச் சேமிக்க இடமில்லை என்றால், இந்தச் செடியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிற்கும் நீர் என்றால் கொசு பற்றிய கேள்வி எழும், எழவும் வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுத் தொட்டிகளின் தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. ஒவ்வொரு டிரம்மிலும் ஆறேழு கப்பி மீன்கள் விட்டிருக்கிறேன். ஏழு ஆண்டுகளில் ஒரு புழுவைக்கூட நான் கண்டதில்லை. கோரையின் நிழல் இருப்பதால் சித்திரையிலும் மீன்கள் தாக்குப்பிடிக்கின்றன. ஆனால் மீன் இருக்கும்போது உரம் இடும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்றாம் ஆண்டில் பச்சைச் சாணத்தைக் கரைத்து ஊற்றியதில் நீர் கறுத்து, மறுநாள் காலை எல்லா மீன்களும் செத்து மிதந்தன. அந்த உயிர்கள் என் அவசரத்தால் போயின என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது. இப்போது ஊறவைத்து மக்கவிட்ட கடலைப் புண்ணாக்கைக் களிமண்ணோடு பிசைந்து எலுமிச்சையளவு உருண்டைகளாக்கி நிழலில் உலர்த்தி, மாதத்துக்கு இரண்டு வீதம் வேரடிச் சேற்றில் ஆழமாக அழுத்திவிடுகிறேன். நீர் தெளிவாகவே இருக்கிறது, பாசியும் குறைவு. மார்கழியிலும் தையிலும் வளர்ச்சி மந்தமாவதால் அப்போது உரம் இடுவதில்லை.

கோயம்புத்தூருக்கே உரிய இன்னொரு தொல்லை காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனியிலும் ஆடியிலும் வரும் காற்று, ஏழடித் தண்டுகளைக் குஞ்சத்தின் பாரத்தோடு நடுவில் மடக்கிவிடும். மடங்கிய தண்டு நிமிர்வதே இல்லை. சுற்றிலும் மூங்கில் நட்டுக் கயிறு கட்டியபோது தண்டுகள் கயிற்றில் உராய்ந்து அதே இடத்தில் முறிந்தன. டிரம்களைப் படிக்கட்டு அறையின் கிழக்குப் பக்கத்துக்கு நகர்த்தியதே பலன் தந்தது. காலை வெயில் முழுதாகக் கிடைக்கிறது, மேற்கிலிருந்து வரும் காற்றைச் சுவர் தாங்குகிறது, மாலை வெயில் இரண்டு மணி நேரம் குறைவதைச் செடி பொருட்படுத்தவில்லை.

ஒவ்வொரு தண்டும் என் மாடியில் ஆறேழு மாதங்கள் பசுமையாக இருந்து, குஞ்சத்தில் பழுப்பு நிறப் பூக்கதிர்கள் தோன்றி, பின் மெல்ல மஞ்சளாகிச் சாய்கிறது. இதை நோய் என்று எண்ணிப் பலர் கலங்குகிறார்கள். தண்டின் வயது முடிந்தது, அவ்வளவே. அடியோடு வெட்டிவிட்டால் உள்ளே ஒளி புகுந்து புதிய முளைகள் வேகமாக வருகின்றன. வெட்டிய தண்டுகளைக் காய்கறிப் பாத்திகளுக்கு மூடாக்காக இடுகிறேன். உலர்ந்த கதிர்களைச் சில்லைக் குருவிகள் கூடு கட்ட உருவிச் செல்வதால், இனப்பெருக்கக் காலத்தில் சில தண்டுகளை வெட்டாமல் விட்டுவிடுகிறேன்.

ஒருமுறை பச்சைத் தண்டுகளிலிருந்து தாள் செய்து பார்த்தோம். பச்சைத் தோலைச் சீவி, உள்ளே இருக்கும் வெண்மையான சோற்றை மெல்லிய பட்டைகளாக நறுக்கி, நீரில் ஊறவைத்து, ஒரு வரிசை நெடுக்காகவும் அதன் மேல் ஒரு வரிசை குறுக்காகவும் அடுக்கி, துணிகளுக்கிடையே வைத்து அம்மிக்கல்லை ஏற்றினோம். நாள்தோறும் துணியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும். பசை எதுவும் சேர்க்காமலே ஆறாம் நாள் உள்ளங்கையளவு தாள் ஒன்று உருவானது. தொட்டியில் வளரும் தண்டு மெலிதாக இருப்பதால் அதற்கு மேல் பெரிதாக வரவில்லை. எகிப்திலேயே இந்தச் செடியும் இந்தத் தொழிலும் ஏறக்குறைய மறைந்துபோய், 1960களில் ஹசன் ரகாப் என்பவரின் முயற்சியால்தான் மீண்டும் வேரூன்றின. முசிறித் துறையிலிருந்து யானைத் தந்தமும் நறுமணப் பொருளும் ஏற்றிச் சென்ற ஹெர்மப்போலோன் என்ற கப்பலின் சரக்கு பற்றிய கிரேக்க ஆவணம், பொ.ஆ. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இத்தகைய தாளில் எழுதப்பட்டு இன்றும் வியன்னாவில் இருக்கிறது. சேர நாட்டுச் சரக்கின் கணக்கைத் தாங்கிய தாள் எதனால் ஆனதோ, அது என் கையில் ஈரமாக இருந்த அந்த மாலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாசியில் பிரித்து நடுவது கட்டாயம். தள்ளிப்போட்ட ஒரு முறை, அடித்தண்டுகள் நெருக்கி டிரம்மின் பக்கத்தைப் பிளந்துவிட்டன. பாறை போல இறுகியிருக்கும் வேர்த்திரளை மண்வெட்டியால் வெட்ட முடியாது, ரம்பம்தான் வேண்டும். மூன்று நான்கு முளைகளுள்ள துண்டுகளை ஓரங்களிலிருந்து எடுத்து நட்டு, நடுவிலுள்ள முதிர்ந்த கட்டையைக் கழித்துவிட வேண்டும். குடைக்கோரையின் தலையை வெட்டித் தலைகீழாக நீரில் வைத்தால் மூன்று வாரங்களில் வேர் விடுகிறது. பாப்பிரஸில் அதே முறையைப் பலமுறை முயன்றும் ஒருமுறைகூட எனக்கு வேர் வரவில்லை, குஞ்சம் அழுகியது. பூச்சிகளால் பெரிய சேதம் இல்லை. வறண்ட பங்குனியில் சிலந்திப்பேன் வந்தால் இரண்டு மூன்று நாட்கள் நீரைப் பீய்ச்சிக் கழுவுவது போதும்.

பிரித்த துண்டுகளைக் கேட்பவர்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறேன், ஆனால் மிஞ்சுவதைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடமாட்டேன் என்ற உறுதியைப் பெற்ற பிறகே கொடுக்கிறேன். அலங்காரத்துக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை நம் குளங்களை மூடிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மிதக்கும் பாயாகப் படரக்கூடிய இன்னொரு செடியை அங்கே சேர்க்கும் உரிமை நமக்கு இல்லை. கழித்த அடித்தண்டுகளை நான் மாடியில் மூன்று வாரம் வெயிலில் காயவைத்து, முறித்தால் ஒடியும் அளவுக்கு உலர்ந்த பிறகே உரக்குழியில் போடுகிறேன்.