இரண்டு செல்லா, நான்கு செல்லா?

கல்லடிக் கடற்கரையின் இளகிய மணலில் ரிமோட் கார் ஓட்டுவோருக்கு நான் நான்கு செல் லிப்போ (லிதியம் பொலிமர்) பற்றரியையே சொல்வேன். கேவி என்பது சுமையற்ற மோட்டர் ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கை. இரண்டு செல்லின் 7.4 வோல்ற்றில் 4000 கேவி பிரஷ்லெஸ் மோட்டர், நான்கு செல்லின் 14.8 வோல்ற்றில் 2000 கேவி: சுமையற்ற வேகம் இரண்டுக்குமே நிமிடத்துக்கு 29,600 சுற்று. ஆனால் அதே வலுவுக்கு நான்கு செல்லில் மின்னோட்டம் பாதி. அதே தடிப்புள்ள வயரில் வெப்பமாக வீணாவது கால்வாசிதான். சக்கரம் மணலில் புதைந்து திணறும்போது வேகக் கட்டுப்படுத்திக்கு இது பெரிய ஆறுதல். மோட்டர்ச் சுருளில் மட்டும் இந்த இலாபம் இல்லை: கேவி பாதியானால் கம்பி மெலிந்து, சுற்றுகள் கூடி, மின்தடை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது.

சீமெந்து முற்றத்தில் ஓடும் சிறு காருக்கு இரண்டு செல்லே போதும். மாறுமுன் கட்டுப்படுத்தியின் வோல்ற்று எல்லையைப் பாருங்கள். முழுச் சார்ஜில் நான்கு செல் 16.8 வோல்ற்று.